உள்ளங்கையில் ஒரு கரண்டி

“அந்தப் பொண்ணுக்குச் சாப்பிடறதுதான் வேலையாம். அதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களாம்.”

ஆர்.கே.பேட்டையிலிருந்து திருத்தணிக்கு வரும் டவுன் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது இது. பேசியது என்னைப் பற்றித்தான். நான் பின்னால் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. வேறு யாராக இருந்தாலும் எட்டி, “அப்படி இல்லக்கா” என்று ஆரம்பித்திருப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இறங்குகிற இடம் வரும்வரை கரும்புத் தோட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தரும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. திருத்தணியில் இருக்கும் ஓட்டல், மெஸ், பிரியாணிக் கடை எல்லாவற்றுக்கும் போய், அவர்களுடைய மெனுவை ஆப்பில் ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, கீழே இரண்டு வரி எழுத வேண்டும். அப்புறம் அவ்வப்போது திரும்பப் போய், சாப்பிட்டவர்கள் ஆப்பில் எழுதியிருப்பதைக் கடைக்காரர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பி.எஸ்சி. தாவரவியல் படித்துவிட்டு, தெரியாதவர்களிடம் பேச வாய் வராத ஒருத்திக்கு இதைவிடப் பொருந்தாத வேலை கிடைக்காது. கடை வாசலில் நின்று, அடிக்காத போனை மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர்கள் உங்களில் இருப்பார்கள். பரிமாறியவர் முகத்தைப் பார்த்து “நல்லா இருக்குங்க” என்று பொய் சொன்னவர்கள் அதைவிட அதிகம் இருப்பார்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இட்லிக்கு இரண்டு வரி

முதல் நாள் போனது மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு டிபன் ஓட்டலுக்கு. காலை நேரம். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகளாகவே எல்லா மேஜைகளும் நிறைந்திருந்தன. கல்லாவில் இருந்த முதலாளியிடம், “இட்லியைப் பத்தி ரெண்டு வரி சொல்லுங்க சார்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது கேட்டுவிட்டது. அவர் சமையல் கட்டைப் பார்த்து, “மாஸ்டர், இட்லியைப் பத்தி இன்னா சொல்றது?” என்று கத்தினார். உள்ளே பாத்திரத்துச் சத்தம் நின்று, சிரிப்புச் சத்தம் வந்தது.

எழுதுவதற்கு அங்கே விஷயம் இல்லாமல் இல்லை. சட்னி மூன்று வகை வைத்திருந்தார்கள். வேர்க்கடலைச் சட்னியை இரண்டாம் தடவை கேட்கிறவர்கள் நகரி, புத்தூர்ப் பக்கம். தேங்காய்ச் சட்னி மெட்ராஸ். இரண்டையும் தொடாமல் காரச் சட்னியில் மட்டும் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டு நிமிஷத்தில் எழுந்து போகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். பரிமாறுகிறவர் யாரையும் கேட்பதில்லை. வாளியோடு நேராகச் சரியான இலைக்குப் போனார். இதையெல்லாம் எழுதலாமா என்று முதலாளியிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் நின்றேன். அவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும்.

“இட்லிக்கு இட்லின்னு எழுது பாப்பா. இட்லி தெரியாதவன் இந்த மலை ஏற மாட்டான்.”

பட்டியலில் இல்லாதது

அரக்கோணம் ரோட்டில் ஒரு டயர் கடைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ரொட்டிக் கடை இருக்கிறது. நடத்துகிறவர் பீகார்க்காரர், பெயர் ராம்பிரவேஷ். கட்டட வேலைக்கு வந்து, சாரத்திலிருந்து விழுந்து கால் சரியில்லாமல் போனபிறகு கடை வைத்தவர். சாப்பிட வருகிறவர்களும் அந்தப் பக்கத்து ஆட்களே. ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டைக் குழம்பு என்று விரல் விட்டு நாலே பெயர் சொன்னார். படம் எடுத்துக்கொண்டிருந்தபோது கடைக்குப் பின்னாலிருந்து கடலை மாவு வறுக்கிற மாதிரி ஒரு வாசனை வந்தது. அங்கே வறட்டித் தணலில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகச் சில மாவு உருண்டைகள் வெந்துகொண்டிருந்தன.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்துச் சாம்பல் தட்டி, இரண்டாகப் பிளந்து, நெய் விட்டு, சுட்ட கத்தரிக்காய் மசியலோடு தந்தார். “லிட்டி” என்றார். அந்த மாதம் நான் சாப்பிட்ட எதுவும் அதன் பக்கத்தில் வர முடியாது. கூச்சத்தை மறந்து, உடனே போனில் ‘லிட்டி’ என்று அடிக்க ஆரம்பித்தேன். அவர் சட்டென்று கையை நீட்டிப் போனை மறைத்தார்.

“மெனுல வேணாம் அக்கா. இது அம்மாகூட போன் பேசற நாள் மட்டும் பண்றது.”

பொடி, நெய், ஒரு கேள்வி

நாகய்யா மெஸ் சித்தூர் ரோட்டில் இருந்தது. போர்டில் நாகய்யாவின் பெயர் இருந்தது. கல்லாவுக்கு மேலே அவர் படம் மாலையோடு இருந்தது. வைகாசியில் இறந்துவிட்டார். நான் போனது ஆனியில். அவர் மனைவி ராஜம்மாதான் சமையல், பரிமாறுவதும் அவர்தான். வீட்டில் தெலுங்கு, கடையில் இரண்டும் கலந்து பேசுவார். எல்லை தாண்டி வியாபாரத்துக்கு வருகிறவர்கள், கண்டக்டர்கள், கோர்ட்டுக்கு வருகிறவர்கள் என்று மதியம் எட்டு மேஜையும் நிறைந்திருந்தது. அங்கே சாம்பார் முதலில் வராது. இலையில் சோறு விழுந்ததும் பருப்புப் பொடி, அதன் மேல் நெய். பிறகு ‘பப்பு’ என்கிற பருப்புக் கடைசல், புளிச்சக்கீரைத் துவையல், ரசத்துக்குப் பதிலாக ‘சாரு’, கடைசியில் தயிர். மெட்ராஸ்காரர் ஒருவர் பொடியை ஓரமாகத் தள்ளிவிட்டு சாம்பார் வாளியைத் தேடினார். ராஜம்மா அவரிடம், “பொடி கலந்து நாலு வாய் துன்னு பாரு நைனா, அப்பறம் நீ சாம்பார் தேட மாட்டே” என்றார். கடையே சிரித்தது.

ஒவ்வொரு இலைக்கும் வந்து அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்: “உப்பு சரியா இருக்குதா?” மற்றக் கடைகளிலும் கேட்பார்கள், கேட்டுக்கொண்டே அடுத்த இலைக்குப் போய்விடுவார்கள். இவர் பதில் வரும்வரை நகரவில்லை. குனிந்து, சாப்பிடுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஆங், நல்லா இருக்குதும்மா” என்று எல்லோரும் சொன்னார்கள். பப்பில் உப்பு இரண்டு பங்கு இருந்தது. என் முறை வந்தது. பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரை ஏறக்குறைய காலி செய்திருந்தேன்.

“நல்லா இருக்குங்கம்மா” என்றேன். அவர் முகம் தெளிந்தது.

“படிச்ச பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

மூடிய கடை முன்னால் ஒரு ஸ்டூல்

ஆடிக் கிருத்திகைக்கு ஊர் முழுக்கக் காவடி. மெஸ்ஸுக்கு நேர் எதிரே கபூர் பாயின் பிரியாணிக் கடை. ஒவ்வொரு கிருத்திகைக்கும் அவர் கடை திறப்பதில்லை. யாரும் திறக்கக் கூடாது என்று சொன்னதில்லை. அவர் அப்பா திறக்கவில்லை, இவரும் திறப்பதில்லை. அன்றைக்குப் பத்து மணிக்கு நான் மெஸ்ஸுக்குப் போனபோது, இறக்கிய ஷட்டருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காவடிக் கூட்டத்தை வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்தேன். பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தேன். அதே ஸ்டூல், அதே பார்வை.

மெஸ்ஸில் உட்கார இடமில்லை. சாமி பார்த்துவிட்டு இறங்கி வந்து, அன்றைய விரதத்தை முடிக்கிறவர்கள். விடியற்காலையிலிருந்து ராஜம்மா தனியாக அடுப்பில் நின்றிருந்தார். சாருவில் உப்பை எப்போது போட்டார், எத்தனை தடவை போட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நகரிப் பக்கத்து ஆள் ஒருவர், மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல், முதல் வாயைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே இருந்தார். ராஜம்மா வந்து குனிந்தார். “உப்பு சரியா இருக்குதா?” அந்த மனிதர் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். தெலுங்கில், நன்றாக இருக்கிறது தாயே என்றார். சொன்னதோடு நிற்காமல் இலையைச் சுத்தமாகச் சாப்பிட்டு முடித்தார்.

கை கழுவுகிற குழாயடியில் அவர் மூன்று தடவை வாய் கொப்பளித்தார். மனைவியிடம் தெலுங்கில் என்னவோ சொன்னார். எங்கள் தெருவில் பாதிப் பேர் தெலுங்குதான் பேசுவார்கள் என்பதால் எனக்குப் புரிந்தது.

“விரதம் இருந்த வாய்க்கு முருகன் ஒரு சமுத்திரத்தையே குடுத்துட்டான். அந்தம்மா முகத்தப் பார்த்தா எப்படிச் சொல்றது, நீயே சொல்லு.”

நான் வாசித்தது

முகத்தைப் பார்த்துச் சொல்லாததை எல்லாம் மக்கள் போனில் சொல்லிவிடுகிறார்கள். ஆவணிக் கடைசியில் நாகய்யா மெஸ்ஸுக்கு வந்திருந்த கருத்துகளை பஸ்ஸிலேயே படித்துப் பார்த்தேன். ‘வாயில் வைக்க முடியவில்லை.’ ‘நேற்று உப்புக் கரித்தது, இன்று உப்பே இல்லை.’ ‘நாகய்யா இருந்தபோது இப்படி இல்லை.’ ஒருவர் ஒன்றும் எழுதாமல் ஒரே ஒரு நட்சத்திரம் மட்டும் போட்டிருந்தார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

ராஜம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பரீட்சை ரிசல்ட் கேட்கிற மாதிரி என் எதிரே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். நான் போனைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். ‘பருப்புப் பொடிக்காகவே நகரியிலிருந்து வருகிறோம்.’ ‘எங்கள் அம்மா கையால் சாப்பிட்ட மாதிரி இருந்தது.’ இப்படி ஐந்து வாசித்தேன். ஐந்தும் போனில் இல்லை. பாடமே நடத்தாத கேள்விக்குக்கூட நான் பரீட்சையில் இவ்வளவு சரளமாகப் பதில் எழுதியதில்லை. மதியம் ஒன்றரை மணி. எட்டு மேஜையில் மூன்றில்தான் இலை விழுந்திருந்தது.

“நீ வாசிக்கும்போது எல்லாரும் நல்லா இருக்குதுன்றாங்க. இலைதான் குறைஞ்சிகினே வருது, கண்ணு.”

காபி

கார்த்திகை மாதம், மூன்று நாளாக விடாத தூறல். மெஸ்ஸில் யாருமில்லை. ராஜம்மா எனக்கும் தனக்கும் காபி போட்டு எடுத்துவந்தார். அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள் இருக்கும், ஒன்றில் தூள் உப்பு, ஒன்றில் சர்க்கரை. நான் ஒரு வாய் குடித்தேன். உப்பு. துப்ப முடியாது, எதிரே அவர் உட்கார்ந்திருக்கிறார். விழுங்கிவிட்டு, அவர் வாயில் வைத்ததும் தெரிந்துவிடும், சிரித்துக்கொண்டே இரண்டு டம்ளரையும் கொட்டிவிடலாம் என்று காத்திருந்தேன்.

அவர் டம்ளரை ஊதினார். ஒரு வாய் குடித்தார். மழையைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. பாதி டம்ளர் தாண்டியபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது: ஒவ்வொரு இலையிலும் நின்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது, பதிலுக்காக முகத்தையே பார்த்தது. மற்றவர்கள் உபசாரம் என்று நினைத்த அந்தக் கேள்வியை அவர் நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதமாக, எத்தனையோ பேரிடம் கேட்டும் ஒருவர்கூட அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை. நானும் என் காபியை அடி வரைக்கும் குடித்து முடித்தேன். அவர் முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு காலி டம்ளர்களை எடுத்தார்.

“மழைக்கு நல்லா இருக்குது இல்ல? இன்னொரு டம்ளர் போடட்டுமா?”

கை மூடினால் போதும்

அன்றைக்கு நான் செய்த ஒரு காரியம் என் சுபாவத்துக்கு மாறானது. நனைந்துகொண்டே ரோட்டைத் தாண்டி, கபூர் பாயிடம் போய், அவர் எதுவும் கேட்காமலே காபி விஷயத்தைச் சொன்னேன். அவர் பிரியாணித் தேக்சாவைக் கிளறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். “நாக்கு செத்துடுச்சா? நைனா சொல்லவே இல்லையே” என்றார். நாகய்யாவை அவர் நைனா என்றுதான் கூப்பிடுவார். திரும்பக் கரண்டியை எடுத்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார்.

கிருத்திகை அன்றைக்கு நாகய்யாவும் ராஜம்மாவும் சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் விரதம் இருப்பார்களாம். உப்பு பார்க்க முடியாது. அதனால் பத்தரை மணிக்கு நாகய்யா மெஸ் பின்வாசலிலிருந்து “பாய்!” என்று ஒரு குரல் கொடுப்பார். கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கும் இவர் போய் உள்ளங்கையை நீட்டுவார். அதில் ஒரு கரண்டி சாரு விழும். விரதச் சமையலுக்குப் பக்கத்தில் வாயைத் திறக்க வேண்டாம் என்று பேச மாட்டார். ஒரு விரல் நீட்டினால் இன்னும் ஒரு சிட்டிகை உப்பு. கையை மூடினால் போதும். ரம்ஜான் மாதத்தில் இதுவே திரும்பி நடக்கும். இவர் நோன்பு. நோன்புக் கஞ்சி கொதிக்கும்போது “நைனா!” என்று குரல் கொடுப்பார். நாகய்யா ரோட்டைத் தாண்டி வந்து கையை நீட்டுவார். ஒரு விரல், இல்லாவிட்டால் மூடிய கை. இருபது வருஷமாக இப்படி. “எங்கைக்கு அளவு தெரியாம இல்ல பாப்பா. ஆனா ஒருத்தன் வந்து போதும்னு சொல்லணும். கஞ்சி நல்லா இருந்தா எம்பேரு, கெட்டுப் போனா அவம்மேல பழி” என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அப்போதுதான் எனக்கு அந்த ஸ்டூல் ஞாபகம் வந்தது. ஆடிக் கிருத்திகையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மதியம்வரை எதற்காக உட்கார்ந்திருந்தார் என்பது விளங்கியது. குரல் கொடுக்கிற ஆள் படத்தில் இருந்தார். ராஜம்மாவுக்குக் கூப்பிடத் தோன்றவில்லை. இவருக்குக் கூப்பிடாமல் போகக் கால் வரவில்லை. “இப்பவாவது நீங்களே போய்ச் சொல்லக் கூடாதா?” என்றேன்.

“புருசன் இல்லாத வூட்டுப் பின்வாசல்ல நான் போயி நின்னா, பேச்சு அந்தம்மாவுக்குத்தான் வரும். நீ சொல்லு பாப்பா. பாய் கூப்ட்டா வருவாருன்னு சொல்லு, போதும்.”

மூன்று வார்த்தை

பாய் கூப்ட்டா வருவாரு. மூன்றே வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு ஐந்து வாரம் போதவில்லை.

என் நிலையில் இருந்திருந்தால் உங்களுக்குப் புரியும். அதைச் சொன்னால், உங்களுக்கு ருசி தெரியாது என்பது எனக்குத் தெரியும் என்று சொன்னதாக ஆகும். இத்தனை நாள் நான் வாசித்ததெல்லாம் பொய் என்றும் ஆகும். மெஸ் வாசலுக்குப் போவேன், மூன்று தடவை போனைப் பார்ப்பேன், உள்ளே ஆள் இருந்தால் ஆள் இருக்கிறது என்று திரும்புவேன், ஆள் இல்லாவிட்டால் அவர் தனியாக இருக்கிறார் என்று திரும்புவேன். பாய் எதிரே கரண்டியோடு நின்று என்ன ஆயிற்று என்று கண்ணால் கேட்பார். நாளைக்கு என்று நானும் கண்ணாலேயே சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடப்பேன். நானே கையை நீட்டியிருக்கலாம். எனக்கு விரதமும் இல்லை, நோன்பும் இல்லை. அது அப்போது தோன்றவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

மார்கழி முடிகிற வாரத்தில் போனபோது மேஜைகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறியிருந்தன. பள்ளிப்பட்டில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போவதாக ராஜம்மா சொன்னார். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. காபி, போனில் வந்த கருத்துகள், நான் வாசித்த பொய், பாயின் ஸ்டூல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் கரண்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டே கேட்டார். “ரெண்டு வருசம் ஆவுது கண்ணு. ஒரு ஜுரம் வந்துச்சி, போறப்ப நாக்கையும் எடுத்துகினு போயிடுச்சி. அவரு இருந்தவரைக்கும் அவரு நாக்குலதான் நான் ஆக்கினேன். வெளிய தெரிஞ்சா கடைக்கு யாரு வருவாங்கன்னு ரெண்டு பேரும் வாயத் தெறக்கல.” எதிர்க் கடையைப் பார்த்தார். “பாய் எனக்காகவா உக்காந்திருந்தாரு? அவரு கடைய மூடிட்டுச் சும்மா இருக்காருன்னு நெனச்சேன்” என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் சாக்கின் முடிச்சை இறுக்கினார்.

“மொத நாளே நீ ஒரு சொம்புத் தண்ணி குடிச்சத நான் பாத்தேன். அன்னிலருந்து, நீயாவது சொல்லுவேன்னு இருந்தேன் கண்ணு.”

மெனுவில் ஏறாத கஞ்சி

ஆப்பில் நாகய்யா மெஸ் பெயருக்குக் கீழே ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று அழுத்தியது நான்தான். அதுவும் என் வேலையில் சேர்த்திதான். மாசியில் ரம்ஜான் நோன்பு ஆரம்பித்தது. நோன்பு கால உணவுகளை ஏற்றச் சொல்லிக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. ஐந்தாம் நோன்பு அன்று சாயங்காலம் நாலரை மணிக்குக் கபூர் பாய் கடைக்குப் போனேன். பெரிய தேக்சாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பச்சரிசி, பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால். புதினாவைக் கையால் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். படம் எடுக்கப் போனேன். “கஞ்சி விக்கறது இல்ல பாப்பா, குடுக்கறது. மெனுல ஏத்தாத” என்றார். பள்ளிவாசலுக்குப் போக மிச்சம், தூக்குச் சட்டி கொண்டுவருகிற யாருக்கும் தருவார். இந்த வருஷம் யார் உப்பு பார்த்தார்கள் என்று கேட்டேன். “யாரு இருக்கா? கை அளவுதான்” என்றார்.

பிறகு கரண்டியில் கொஞ்சம் எடுத்து என் பக்கம் திரும்பினார். நான் கையை நீட்டப் போனேன். அவர் பார்வை என்னைத் தாண்டி ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போயிருந்தது.

மெஸ் வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றிருந்தது. மிச்சமிருந்த அண்டாக்களை ராஜம்மாவின் மருமகன் ஏற்றிக்கொண்டிருந்தார். ராஜம்மா பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். போர்டைக் கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துத் தெரிந்தது. பாய் கரண்டியைத் திரும்ப தேக்சாவிலேயே விட்டார். கடையை விட்டு இறங்கி, ரோட்டோரம்வரை வந்து நின்று குரல் கொடுத்தார். பஸ் சத்தத்தில் முதல் தடவை கேட்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டது.

“அம்மா! கஞ்சி கொதிக்குது. நான் நோன்பு. வந்து உப்பு பாத்து சொல்லுங்க.”

மருமகன் அண்டாவைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். ராஜம்மா பூட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டைத் தாண்டி வந்தார். என்னைப் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்து உள்ளங்கையை நீட்டினார். பாய் அதில் ஒரு கரண்டி கஞ்சியை ஊதி ஊதி விட்டார். ராஜம்மா அதை வாயில் உறிஞ்சி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு விரலை நீட்டினார்.

பாய் உப்பு டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, தேக்சாவில் போட்டுக் கிளறினார். திரும்பவும் ஒரு கரண்டி எடுத்து ஊதி அவர் உள்ளங்கையில் விட்டார்.

ராஜம்மா அதைக் குடித்துவிட்டுக் கையை மூடினார்.